காட்டில் கண்ணை மூடச் சொல்கிறவர்கள்

வனக்குளியல் என்ற பேச்சு சில ஆண்டுகளாக நம் ஊரில் கொடிகட்டிப் பறக்கிறது. வார இதழ்களின் நலவாழ்வுப் பக்கம், மலைவாசத்தல விடுதிகளின் விளம்பரம், கைப்பேசியில் ஓடும் அரை நிமிடப் படம் எல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. காடு மருந்து. ஊரை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ, மரம் எவ்வளவு அடர்ந்து நிற்கிறதோ, மருந்துக்கு அவ்வளவு வீரியம். அங்கே போக உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டால் போதும். மற்றதைக் காடு பார்த்துக்கொள்ளும்.

இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கண் எரிகிற ஒரு தலைமுறை, மரத்தடியில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் நல்லதுதான். உடம்பு தளர்கிறது, நாடித் துடிப்பு இறங்குகிறது, அன்று இரவு தூக்கம் வருகிறது. அனுபவித்தவர்கள் பொய் சொல்லவில்லை. பின்னால் ஆராய்ச்சிகளும் இருக்கின்றன. காட்டின் பெயரே தெரியாமல் வளர்ந்தவரை அச்சமில்லாமல் மரத்தடிக்கு அழைப்பதும் நல்ல எண்ணம்தான். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், புதிதாகக் காட்டுக்குப் போகிறவருக்கு இந்த உபதேசத்தைவிட மோசமான உபதேசம் இருக்க முடியாது என்கிறேன். காரணங்கள் இவை.

1. ஜப்பானைக் காட்டுகிறார்களே, அங்கே எந்தக் காடு?

வனக்குளியலுக்கு ஆயிரம் ஆண்டு கீழைத்தேச ஞானம் என்று ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். அது 1982-இல் ஓர் அரசுத் துறை தொடங்கி வைத்த இயக்கம். தொடங்கியவர் ஜப்பானிய வனத்துறையின் அன்றைய தலைவர் தோமோஹிதே அகியாமா. போருக்குப் பிறகு அந்த நாட்டு மலைச்சரிவுகளில் சுகி, ஹினோகி என்ற இரண்டு ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டுத் தள்ளியிருந்தார்கள். 1964-இல் மர இறக்குமதிக்குக் கதவு திறந்தது. வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்க, உள்ளூர் மரத்துக்குச் சந்தை சரிந்தது. வெட்டினாலும் கட்டுப்படியாகாத மரத்தை வைத்துக்கொண்டிருந்த ஒரு துறை, மக்களைக் காட்டுக்குள் வரச் சொன்னது. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதை ரிஷிகளின் மரபு என்று நம்மிடம் விற்பது தவறு.

இயக்கம் தொடங்கிய இடம் நாகானோ மாநிலத்தின் அகாசாவா. முந்நூறு வயதைத் தாண்டிய ஹினோகி மரங்கள் நிற்கிற அருமையான காடு. அங்கே போகிறவருக்குச் செப்பனிட்ட பாதை இருக்கிறது, பாதை நெடுக வழிகாட்டிப் பலகை இருக்கிறது, மரம் ஏற்றப் போட்ட தண்டவாளத்தில் இன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு சிறு ரயிலும் ஓடுகிறது. அதாவது, பார்வையாளர் வருவார் என்று தெரிந்து, அவருக்காக ஒழுங்குசெய்து வைத்த காடு. அந்தக் காட்டுக்கு எழுதிய வழிமுறையை முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மருந்து என்று புகழப்படும் அதே சுகி மரத்தின் மகரந்தம், வசந்தம் வந்தால் ஜப்பானியர்களில் பெருந்தொகையினரைத் தும்மலிலும் கண்ணரிப்பிலும் தள்ளுகிறது என்பதையும் நம் விளம்பரங்கள் சொல்வதில்லை. தொல்லை தாங்காமல், பத்தாண்டில் சுகித் தோப்புகளை 20 சதவீதம் குறைக்கப்போவதாக 2023-இல் அந்த நாட்டு அரசே அறிவித்தது.

2. பன்னிரண்டு பேரை வைத்து உலகத்துக்கு மருந்துச் சீட்டு எழுதலாமா?

எல்லாரும் மேற்கோள் காட்டும் ஆய்வு, நிப்பான் மருத்துவக் கல்லூரியின் சிங் லீ குழு நடத்தியது. 2005-இல் தோக்கியோ அலுவலக ஆண்கள் பன்னிரண்டு பேரை மூன்று நாள் காட்டுப் பகுதிக்கு அழைத்துப் போய், முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தொற்றையும் புற்றையும் எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களின் வேகம் கூடியிருந்தது. அலுவலக விடுப்பு, நடை, நல்ல காற்று, நேரத்துக்குத் தூக்கம் எல்லாம் கலந்த மூன்று நாளில் எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது? அந்தக் குழுவுக்கும் இந்தக் கேள்வி தெரியும். அதனால் பின்னால் நகரச் சுற்றுலாவோடு ஒப்பிட்டார்கள். நகரத்தில் அந்த ஏற்றம் இல்லை. நல்லது. அப்போதும் ஆள் எண்ணிக்கை அதே அளவுதான். தாம் காட்டில் இருக்கிறோம், காடு நல்லது செய்யும் என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள் என்பது கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் தெரியும். மாத்திரை ஆய்வில் வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். வெற்றுக் காடு எங்கே கிடைக்கும்?

அடுத்த ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. அதே குழு, பன்னிரண்டு ஆண்களைத் தோக்கியோ ஓட்டல் அறையில் மூன்று இரவு தங்கவைத்து, அறைக்குள் ஹினோகி எண்ணெயை ஆவியாக விட்டது. அங்கும் அதே வெள்ளணுக்கள் வேகம் பிடித்தன. இந்த முடிவை நம்புகிறவர் காட்டுக்குப் போகவே வேண்டாம். ஒரு புட்டி எண்ணெய் போதும். நம்பாதவர் முதல் ஆய்வையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது. வனக்குளியல் நூல்களோ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பக்கம் புரட்டுகின்றன.

கொஞ்சம் பெரிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் கேட்டுச் செய்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான வெளியில் இருந்தவர்கள், தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் வாயால் சொன்ன கணக்குதான்; நலமாக இருப்பவர்தானே வெளியே போவார் என்றும் எதிர்க்கேள்வி போடலாம். ஆனால் அந்த ஆய்வில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். 120 நிமிடத்தை ஒரே மூச்சாகக் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு இல்லை. அவர்கள் போய்வந்த இடங்களில் பெரும்பாலானவை வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருந்தன. தொலைவு கூடினால் பலன் கூடும் என்ற வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

3. கண்ணை மூடச் சொல்வது யாருடைய காட்டில்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இது. ஜப்பானிலும் காடு ஆபத்தில்லாத இடமல்ல. 2023-24 நிதியாண்டில் மட்டும் அங்கே கரடி தாக்கியவர்கள் 200 பேருக்கு மேல். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கரடியோடு யானையும் உண்டு. அவ்வளவு பெரிய உடம்புக்கு அடிப்பாதம் மெத்தைபோல் இருப்பதால், சருகு மிதித்தால்கூடச் சத்தம் தெரியாமல் வந்து நிற்கும். மலையில் வாழ்கிறவர்கள் நடக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஒடிந்த மூங்கிலில் ஈரம் காய்ந்திருக்கிறதா, யானைப் பிண்டத்தில் இன்னும் சூடு இருக்கிறதா என்று ஐம்புலனும் விழித்திருக்கும். அவர்களிடம் போய், கண்ணை மூடி இந்த நொடியில் கரையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

எதுவும் தெரிய வேண்டாம் என்ற பேச்சின் விலை என்னவென்று 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பார்த்தோம். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் இளம் வயதினர். இறந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மார்ச் மாதத்தில் அந்தச் சரிவின் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும், தீ மேட்டை நோக்கி ஏறும்போது மேலே உள்ள புல்லைச் சூடாக்கிக்கொண்டே போவதால் எவ்வளவு விரைவாக ஏறும், எரிந்து முடிந்த கரிநிலம் எப்படி ஒரு புகலிடம் ஆகும் என்பதெல்லாம் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். நகரத்திலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. தெரியாதது அவர் குற்றமல்ல. தெரியாவிட்டால் பரவாயில்லை என்று சொன்னவர்களின் குற்றம்.

சிறிய ஆபத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் அதிகம் நடப்பது. வெறுங்காலோடு நடங்கள், புல்லில் படுங்கள் என்கிறார்கள். தமிழ்நாட்டில் புதர்க்காட்டோரம் உண்ணிக் காய்ச்சல் புதிதல்ல. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்தால் வலிக்காது. ஏறத்தாழ பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வரும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ தீய்ந்ததுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார், டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு அடங்கும். பொருக்கைப் பார்க்காமல், புதருக்குப் போனதைச் சொல்லாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். நான் பின்னால் பரிந்துரைக்கப்போகும் ஏரிக்கரைப் புதரிலும் இதே உண்ணி உண்டு, ஒளிக்கவில்லை. முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும், வீடு திரும்பியதும் தேய்த்துக் குளிப்பதும், உடுத்தியதைத் துவைப்பதும், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போன இடத்தைச் சொல்வதும் போதும். இந்த நாலு வரியை எந்த வனக்குளியல் விளம்பரத்திலாவது பார்த்தீர்களா?

4. உங்கள் அமைதிக்கு யார் வாடகை கொடுக்கிறார்கள்?

நடுக்காட்டில் தங்கினால்தான் மனம் ஆறும் என்று ஆயிரம் பேர் நம்பினால், நடுக்காட்டில் விடுதி முளைக்கும். சீகூர் பீடபூமியில் அதுதான் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் அது. யானைக் கூட்டங்கள் காலங்காலமாகக் கடக்கும் இடுக்கு. மசினகுடியைச் சுற்றி அந்த இடுக்கில் விடுதிகளும் மின்வேலிகளும் பெருகின. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழித்தடத்தை விடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், அதே பக்கத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு வந்த யானையின் மேல் எரியும் டயரை எறிந்தார்கள். காதில் ஒட்டிக்கொண்ட நெருப்போடு அது ஓடிய காட்சியை நாடே பார்த்தது. யானை பிழைக்கவில்லை.

அந்த விடுதிகளில் தங்கிய பயணிகள் கல்நெஞ்சர்களா? இல்லை. பெரும்பாலோர் இயற்கை ஆர்வலர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். யானை வரும் இடத்தில் தங்க ஆசைப்பட்டார்கள். யானை வந்துவிடாமல் இருக்க வேலியும் கேட்டார்கள். தனிமனித நிம்மதி என்று கணக்குப் பார்த்தால் இந்த விலை எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

5. இருட்டாக இருந்தால் அது காடா?

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் தவறாமல் நின்று மூச்சு வாங்கும் பைன் காடு, 1906-இல் பிரையண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி நட்டது. தரையெல்லாம் ஊசிச் சருகு. அடிச்செடி அரிது, பறவைக் குரல் அதைவிட அரிது. நீலகிரியின் தைலமரமும் சீகையும் அந்நியம்தான். இந்த மலைகளின் சொந்தக் காடு, பள்ளத்தாக்கில் குள்ளமாக நெருங்கி நிற்கும் சோலையும், அதைச் சுற்றி மேட்டில் விரிந்த புல்வெளியும். மழையைப் பிடித்து வைத்து ஆறுகளுக்கு விடுவது அந்தச் சோடி. வந்தவர் புல்வெளியை வெற்றிடம் என்று கடந்துபோய், தோப்புக்குள் நின்று காட்டை உணர்கிறார். கண்ணை மூடினால் இரண்டும் ஒன்றுதானே.

6. பார்க்காமல் எப்படிக் காப்பாற்றுவார்கள் என்கிறீர்களா?

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இது. காட்டை நேரில் அனுபவித்தவர்தான் காட்டுக்காகக் குரல் கொடுப்பார் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. நடந்ததைப் பாருங்கள். மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. மொட்டைப் பாறைக் குன்றுகள், அடிவாரத்தில் கண்மாய்கள், ஊற்றுகள், வேட்டைப் பறவைகள் கூடு கட்டும் இடுக்குகள். விளம்பரப் படத்துக்கு ஏற்ற அடர்த்தி துளியும் இல்லை. 2022-இல் 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்த வட்டாரத்தை ஏலம் விட்டபோது எதிர்த்து எழுந்தவர்கள் யார்? சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். கிராமசபைத் தீர்மானம் போட்டார்கள், மதுரைக்கு நடந்தார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தைக் கைவிட்டது. எந்த ஊற்று எந்தக் கண்மாயை நிரப்பும், எந்தப் பாறையில் எந்தப் பறவை உட்காரும் என்று அவர்களுக்குத் தெரியும். வருடத்துக்கு இரண்டு நாள் மூச்சுப் பயிற்சிக்கு வந்து போகிறவரிடம் இந்த அறிவும் பிறக்காது, அந்தப் போராடும் துணிவும் பிறக்காது.

அறிமுகம் என்பது திரும்பத் திரும்பப் போவதில் வருவது. திரும்பத் திரும்பப் போக இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஒரே பத்தியைத் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி எவ்வளவு கூர்மையாக எழுதினாரோ, அவ்வளவு கூர்மையாகக் காக்கையைப் பற்றியும் ஓணானைப் பற்றியும் எழுதினார். அவர் வாழ்ந்தது சென்னையில்.

ஆகவே புதியவரிடம் நான் சொல்வது: உங்கள் ஊர்க் கண்மாய்க்கரை, ஏரி உள்வாய்ப் புதர், கோயில் காடு, பனந்தோப்பு, சென்னைக்காரரானால் கிண்டி அல்லது நன்மங்கலம் ஓரம். காலை ஆறரைக்குப் போங்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டாம். வெளி விளிம்பே மாதக்கணக்கில் தாங்கும். என்ன பார்ப்பது என்கிறீர்களா? கோயில் மண்டப நிழலில், மழை படாத பொடிமண்ணில், புனல் வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். குழியானை. ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மண் சரியும். எறும்பு ஏற ஏற, அடியில் புதைந்திருப்பது தலையால் மண்ணை வாரி மேலே வீசும். சரிவு இன்னும் செங்குத்தாகும். ஐந்தாறு வீச்சில் ஆட்டம் முடியும். வெளியே எடுத்து விட்டால் பின்பக்கமாகவே நடக்கும். அது தின்ற எதையும் புழுப் பருவம் முழுக்கக் கழிவாக வெளியே விடுவதில்லை, சிறகு முளைத்த பிறகுதான். தும்பிபோல் இருக்கும் அந்தச் சிறகுப் பூச்சி இரவில் உங்கள் வீட்டு விளக்குக்கு வந்திருக்கும். அதுதான் இது என்று தெரிந்திருக்காது. இதைப் பார்க்க முக்கால் மணி நேரம் குந்தியிருக்க வேண்டும். முக்கால் மணி நேரமும் கைப்பேசி நினைவு வராது. மனம் அடங்க வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்?

அங்கே ஆடு மேய்ப்பவர் இருப்பார். அவரிடம் கேளுங்கள். சீமைக்கருவேல இலையை வெள்ளாடு தொடாது, காயை விடாது. விதை புழுக்கையோடு ஊரெல்லாம் போனது அப்படித்தான். விடத்தலை, சூரை, காரை, உசிலை என்று அவர் கைகாட்டும் பத்துச் செடியைப் பேர் சொல்லத் தெரிந்ததும் புதர் புதராகத் தெரியாது. குப்பை கிடக்கிறதே, லாரிச் சத்தம் கேட்கிறதே என்பீர்கள். கிடக்கிறது, கேட்கிறது. தவிட்டுக்குருவிக் கூட்டம் அதற்குள்தான் கத்திக்கொண்டு சருகைப் புரட்டுகிறது, ஆள்காட்டி அதற்குள்தான் முட்டை இடுகிறது. அமைதி இருந்தால்தான் இயற்கை என்பது விடுதிக்காரர் வைத்த நிபந்தனை.

அப்படியானால் மலைக்காட்டுக்குப் போகவே கூடாதா?

போகலாம், இதற்குப் பிறகு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்துத் திறந்தது. பதிவு செய்து போக வேண்டும். கூட வரும் வழிகாட்டிகளில் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள் இருக்கிறார்கள். எளிய பாதை ஒன்றை எடுங்கள். வழிகாட்டிக்குப் பின்னால் நடங்கள், பாட்டுப் போடாதீர்கள், அவர் நின்றால் நில்லுங்கள், எதற்காக நின்றார் என்று பிறகு கேளுங்கள். உங்களுக்கு நேர்ந்த அமைதியைப் பற்றி அவரிடம் விளக்க வேண்டாம். அந்தப் பாதையை அவர் எப்படிப் படிக்கிறார் என்று கற்றுக்கொள்ளுங்கள். 2025-இல் தீக்காலத்துக்காக அந்தப் பாதைகளைப் பிப்ரவரி நடுவிலிருந்து இரண்டு மாதம் மூடினார்கள். அப்படி மூடியிருக்கும் நாட்களில், வேறு வழியாக அழைத்துப் போகிறேன் என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், எவ்வளவு குறைந்த கட்டணம் சொன்னாலும் பணம் அனுப்பாதீர்கள்.